அத்தியாயம் 5: வரைவு நிலையிலேயே பேசுங்கள் – மாநகராட்சியின் துணைவிதிகளும் குடிமக்களின் பங்கும்

ஒரு விதி வந்துவிட்டதென்று நம்மில் பெரும்பாலோர் அறிவது அபராத ரசீதைக் கையில் வாங்கும்போதுதான். குப்பைக் கட்டணம் கூடியிருக்கும், மீன் விற்ற இடத்தில் இனி விற்கக்கூடாது என்று பலகை நட்டிருப்பார்கள், வீட்டு வரைபடம் திரும்பி வந்திருக்கும். அன்றைக்குக் கோபம் வருகிறது. கவுன்சிலர் வீட்டு வாசலில் கூட்டம் சேர்கிறது. ஆனால் அந்த விதி அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வரைவாக இருந்தது. "ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கலாம்" என்ற ஓர் அறிவிப்பும் எங்கோ ஒரு மூலையில் வந்து போயிருக்கும். அந்தச் சில வாரங்களில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்கு இருக்கும் வலிமை, விதி அமலான பிறகு நூறு பேர் கூடி நின்றாலும் கிடைப்பதில்லை. வரைவு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே அதைப் பிடிப்பது எப்படி என்பதை இந்த அத்தியாயம் தூத்துக்குடியை வைத்துச் சொல்கிறது.

1. இந்த விதி யாருடையது?

தூத்துக்குடி 1866-இல் நகராட்சியானது. 2008 ஆகஸ்ட் 5 முதல் மாநகராட்சி. இன்று நான்கு மண்டலங்கள், 60 வார்டுகள். ஆனால் இந்த ஊரில் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. பீச் ரோட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் பரப்பிலேயே மூன்று நான்கு அதிகார எல்லைகள் ஓடுகின்றன. தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தால், "இது எங்களுக்குரியது அல்ல" என்று பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். ஆகவே முதல் வேலை, விதியின் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது.

*மாநகராட்சி:* குப்பை, கழிவுநீர், மழைநீர் வடிகால், குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, சந்தை, இறைச்சிக் கூடம், வளர்ப்புப் பிராணிகள், சொத்து வரி ஆகியவை பெரும்பாலும் இங்கே வரும். சட்டம் தரும் வரம்புக்குள் மாமன்றம் இயற்றுபவை துணைவிதிகள்.

*மாநில அரசு:* மாநகராட்சியின் அதிகாரத்துக்கே வரம்பு கட்டுவது சட்டமன்றம் இயற்றிய சட்டம். 1998-இல் இயற்றப்பட்டு நீண்ட காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதற்கான 2023-ஆம் ஆண்டு விதிகளுடன் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டட அனுமதிக்கு 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. 2003-இல் மழைநீர் சேகரிப்பை வீடுகளுக்குக் கட்டாயமாக்கியதும், 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்ததும் மாநில அரசுதான். இவற்றை மாமன்றத்தால் மாற்ற முடியாது. மாற்றச் சொல்லி அரசுக்குத் தீர்மானம் அனுப்ப முடியும்.

*துறைமுகமும் கடலும்:* வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் நிலப்பரப்பு மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுப் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தின் கீழ் வருவது. மீன்பிடித் துறைமுகமும் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் (1983) மீன்வளத் துறையின் பொறுப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் பற்றிக் கவுன்சிலரிடம் முறையிட்டுப் பயனில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. அங்கே அதிகாரம் வனத்துறைக்கு. கரையோரக் கட்டுமானங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். தொழிற்சாலைகளின் புகைக்கும் கழிவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைப் பார்க்க வேண்டும்.

அலுவலகத்தில் பலரும் கேட்டிருக்கக்கூடிய பதில் ஒன்று உண்டு: "எல்லாம் மேலேயிருந்து வந்த ஆர்டர் அண்ணாச்சி, நாங்க என்ன செய்ய?" அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். அந்த ஆணையின் எண், நாள், எந்தத் துறை என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றும் கையில் இருந்தால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும்.

2. ஒரு துணைவிதி பிறக்கும் வழி

நாடாளுமன்றம் நிறைவேற்றி 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 74-ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளை வெறும் அலுவலகங்களாக இல்லாமல் தன்னாட்சி அமைப்புகளாகப் பார்த்தது. பன்னிரண்டாம் அட்டவணை 18 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. அந்தப் பொறுப்புகளை நிறைவேற்றத் துணைவிதி தேவைப்படும்போது, பொதுவாக நடப்பது இதுதான்.

முதலாவது, தேவை எழுவது. அது மேலிருந்து வரலாம்: 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒவ்வொரு உள்ளாட்சியும் ஓராண்டுக்குள் தனக்கான துணைவிதியை இயற்றிக்கொள்ள வேண்டும் என்றன. சென்னை மாநகராட்சியின் 2019-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மைத் துணைவிதிகள் அப்படிப் பிறந்தவை. நீதிமன்றமோ பசுமைத் தீர்ப்பாயமோ பிறப்பிக்கும் உத்தரவிலிருந்தும் வரலாம். வார்டிலிருந்து கவுன்சிலர் எழுப்பும் கோரிக்கையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, வரைவு. சுகாதாரம், நகரமைப்பு, வருவாய், பொறியியல் ஆகிய பிரிவுகளில் உரியது அதைத் தயாரிக்கிறது. வேறு மாநகராட்சியின் துணைவிதியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி வைக்கும் அபாயம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான். உப்பளத்து ஊருக்கும் மலையோரத்து ஊருக்கும் ஒரே வாசகம் பொருந்தாது. மீன்கழிவு, உப்புக் காற்று, பக்கிள் ஓடை, லாரிப் போக்குவரத்து என்று தூத்துக்குடிக்கே உரிய விவரங்கள் வரைவுக்குள் நுழைய வேண்டுமானால் அவற்றை அறிந்தவர்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நிலைக்குழுவும் மாமன்றமும். பொதுச் சுகாதாரம், வரிவிதிப்பு மற்றும் நிதி, நகரமைப்பு, பணிகள், கல்வி, கணக்கு என நிலைக்குழுக்கள் உண்டு. பிறகு மேயர் தலைமையில் கூடும் மாமன்றத்தில் அது கூட்டப்பொருளாக வைக்கப்படுகிறது. சில கூட்டங்களில் பத்துப் பொருட்கள் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும். கூட்டப்பொருள் அச்சாகி உறுப்பினர் கைக்கு வந்ததும் உங்கள் கவுன்சிலரிடம் நகல் கேளுங்கள்.

நான்காவது, வெளியீடு. அரசிதழ், நாளிதழ், அலுவலக அறிவிப்புப் பலகை, இணையதளம் ஆகியவற்றில் வரைவு வெளியாகிறது. ஆட்சேபனை சொல்ல ஒரு கெடு குறிக்கப்படுகிறது. இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி இந்தக் கட்டம்தான்.

ஐந்தாவது, வந்த ஆட்சேபனைகளைப் பரிசீலித்து மாமன்றம் மீண்டும் தீர்மானிப்பது. ஆறாவது, அரசின் ஒப்புதல். ஏழாவது, அரசிதழில் இறுதி வெளியீடு. அதில் குறிக்கப்பட்ட நாளிலிருந்து அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

இந்த வழி காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல என்பதற்கு 2022-ஐ நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்து மாமன்றங்கள் பதவியேற்றன. ஏப்ரல் தொடக்கத்திலேயே சொத்து வரிச் சீராய்வை மாநில அரசு அறிவித்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு. பல மாநகராட்சிகளின் மாமன்றங்கள் இதைத் தீர்மானமாக வைத்து, முப்பது நாட்களுக்குள் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு வெளியிட்டன. செய்தியைப் படித்துத் திகைத்தவர்கள் லட்சக்கணக்கானோர். அந்த முப்பது நாட்களில் தன் கட்டடத்தின் வயது, பரப்பு, தெருவின் நிலை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுப்பவரின் தாள் மட்டுமே கோப்பில் இருக்கும். பேசித் தீர்த்த கோபம் எந்தக் கோப்பிலும் இருக்காது.

3. உள்ளே நுழைய ஐந்து வாசல்கள்

பகுதி சபை. கிராமங்களுக்குக் கிராம சபை போல நகரங்களுக்கு ஏதுமில்லை என்ற குறை நெடுநாள் இருந்தது. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் வந்தன. அவ்வாண்டு உள்ளாட்சி நாளான நவம்பர் 1 அன்று தமிழகம் முழுவதும் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். அழைப்பிதழ் வர வேண்டியதில்லை. உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும்.

பெரும்பாலான பகுதி சபைகளில் தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது என்ற குறைகளே பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் குறை சொல்வது வேறு, விதியைக் கேட்பது வேறு. "எங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது" என்பது குறை. "பக்கிள் ஓடையில் சேரும் வடிகால்களை ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாரி, முடித்த நாளை வார்டு அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்று மாமன்றம் தீர்மானிக்கக் கோருகிறோம்" என்பது விதி. முதலாவதற்கு ஒரு நாள் ஆள் அனுப்புவார்கள். இரண்டாவது தீர்மானமானால் ஒவ்வோர் ஆண்டும் வேலை நடந்தாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டி, தூத்துக்குடியின் பல பகுதிகள் நாட்கணக்கில் நீரில் கிடந்தன. அதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

சபையில் சொன்னது கூட்டக்குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். ஏறாத பேச்சு பேசாததற்குச் சமம்.

வார்டு குழு. கவுன்சிலர் தலைமையில், பகுதி சபைகளின் பிரதிநிதிகள் இதில் இருப்பார்கள். உங்கள் பகுதியின் பிரதிநிதி யாரென்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பகுதி சபையின் கோரிக்கை மாமன்றத்துக்குப் போகும் பாதை இதுதான்.

நகர விற்பனைக் குழு. திரேஸ்புரத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து தெருவோரம் விற்கும் பெண்களுக்கும், பனிமய மாதா பேராலயத் திருவிழாவை ஒட்டிக் கடை போடுவோருக்கும் இந்த வாசல் முக்கியம். 2014-இன் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, இந்தக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்த இடத்தில் விற்கலாம், எங்கே கூடாது என்ற திட்டம் இந்தக் குழுவைக் கலந்தே வகுக்கப்பட வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது அதே சட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். கணக்கெடுப்பில் பெயர் சேராமல் போன ஒருவருக்காகப் பின்னால் யார் வாதாடினாலும் கடினம்.

வரைவு மீதான ஆட்சேபனை. துணைவிதிக்கு மட்டுமல்ல, நகரின் முழுமைத் திட்டத்துக்கும் இது உண்டு. 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்ட வரைவு மீது கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது நீர்வழி என்று இருபது ஆண்டுக்குத் தீர்மானிக்கும் வரைபடம் அது. கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களும் பொதுமக்கள் பார்வைக்கு வந்து, கருத்துக் கேட்புக்கு உள்ளாகின்றன. வலை உலர்த்தும் மணற்பரப்பும் படகு ஏற்றி வைக்கும் கரையும் அந்த வரைபடத்தில் இல்லையென்றால், நாளைக்கு அவை இல்லாத இடங்களாகவே நடத்தப்படும்.

பொது விசாரணை. பெரிய தொழிற்சாலைகளுக்கும் துறைமுக விரிவாக்கங்களுக்கும் 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொருந்தும். முப்பது நாள் முன்னறிவிப்புடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய, ஆட்சியரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை வகிப்பார். திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியில் தரப்பட வேண்டும்; நிகழ்ச்சி முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். நேரில் வர முடியாதவர் எழுத்திலும் அனுப்பலாம்.

இந்த வாசல் அடைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் இரண்டாம் அலகு தொழிற்பேட்டைக்குள் வருகிறது என்ற காரணத்தால் பொது விசாரணையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. 2018 மே 22-இல், ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளன்று, ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள் மீது காவல்துறை சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் உயிரிழந்தனர். மே 23 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விரிவாக்கப் பணிகளுக்குத் தடை விதித்து, பொது விசாரணை நடத்திய பிறகே சுற்றுச்சூழல் அனுமதி குறித்து முடிவெடுக்க உத்தரவிட்டது. மே 28-இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், ஆலை மூடலை எதிர்த்த நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. பொது விசாரணை நடக்க வேண்டும் என்ற உத்தரவு உயிர்கள் போன மறுநாள் வந்தது. கேட்க வேண்டியவர்களைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பது அலுவலகச் சடங்கு அல்ல என்பதைத் தூத்துக்குடியைவிட வேறெந்த ஊரும் நன்றாக அறியாது.

கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பாடம் பழையது. சலாபம் என்ற முத்துக்குளிப்புக்கு நாள் குறித்ததும், குளித்தெடுத்த சிப்பியில் யாருக்கு எவ்வளவு என்று வகுத்ததும் அரசு. மூழ்கியவர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். 1961-உடன் தூத்துக்குடிச் சலாபம் நின்றது. 2001-இல் மத்திய அரசு கடல் அட்டைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபோது, மன்னார் வளைகுடாக் கரையில் அதை நம்பியிருந்த குடும்பங்களின் வருமானம் ஓர் அறிவிக்கையில் நின்றுபோனது. வளத்தைக் காப்பது தேவை. ஆனால் கடலடியை அறிந்தவர்களின் சொல் விதியில் ஏற வேண்டும். அதற்கு அவர்கள் வரைவு நிலையில் அங்கே இருந்தாக வேண்டும்.

4. ஆட்சேபனை மனு எழுதுவது எப்படி

கோபத்தை எழுதாதீர்கள், மாற்று வாசகத்தை எழுதுங்கள். அதிகாரி ஒருவர் உங்கள் தாளைப் படித்துவிட்டு, அதிலிருந்து ஒரு வரியை அப்படியே வரைவில் சேர்க்க முடிய வேண்டும். அதுதான் நல்ல மனுவுக்கு அளவுகோல்.

மாதிரிக்கு ஒன்று. திடக்கழிவுத் துணைவிதி வரைவு ஒன்றில், "மீன்கழிவைப் பொது இடத்தில் கொட்டினால் அபராதம்" என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

*அனுப்புநர்:* பெயர், முழு முகவரி, வார்டு எண்.
*பெறுநர்:* ஆணையர், தூத்துக்குடி மாநகராட்சி.
*பொருள்:* திடக்கழிவு மேலாண்மைத் துணைவிதி வரைவு – மீன்கழிவு குறித்த பிரிவு – ஆட்சேபனையும் திருத்தமும் தெரிவித்தல்.
*பார்வை:* வரைவு அறிவிப்பின் எண், நாள், வெளியான நாளிதழ்.

*ஐயா / அம்மையீர்,*
*மேற்கண்ட வரைவில் பிரிவு (எண்) மீன்கழிவைப் பொது இடத்தில் கொட்டுவோருக்கு அபராதம் விதிக்கிறது. நோக்கத்தை வரவேற்கிறோம். ஆனால் எங்கள் சந்தையில் மீன்கழிவுக்கெனத் தனித் தொட்டி இல்லை. குப்பை வண்டி காலையில் வருகிறது, மீன் விற்பனை முடிவதோ பிற்பகலில். (புகைப்படங்கள், நாள் குறிப்புடன் இணைப்பு 1.)*
*ஆகவே அப்பிரிவைக் கீழ்க்கண்டவாறு திருத்தக் கோருகிறோம்:*
*"மீன் விற்பனை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் மாநகராட்சி மூடியுள்ள தனித் தொட்டி வைத்து, விற்பனை முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் கழிவை அகற்ற வேண்டும். அவ்வாறு தொட்டி வைக்கப்படாத இடத்தில் இப்பிரிவின் கீழ் அபராதம் விதிக்கப்படாது."*
*எங்கள் தரப்பை நேரில் விளக்க வாய்ப்பளிக்கவும் கோருகிறோம்.*
*இடம், நாள், கையொப்பம்.*

இதில் கவனிக்க வேண்டியவை: எந்தப் பிரிவு என்று சுட்டியிருக்கிறது. நோக்கத்தை எதிர்க்கவில்லை. சான்று இணைத்திருக்கிறது. மாநகராட்சிக்கும் ஒரு கடமையை வைத்து, குடிமகனின் கடமையை அதனோடு கட்டியிருக்கிறது. தண்டனை மட்டும் இருக்கும் விதி தெருவில் சண்டையாக முடியும். இரு தரப்புக்கும் கடமை வகுக்கும் விதிதான் நிற்கும்.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் நாளும் வாங்குங்கள். தபாலில் என்றால் பெற்றதற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் அனுப்புங்கள். ஒரே வாசகத்தில் நூறு பேர் கையெழுத்திடுவதோடு, வெவ்வேறு அனுபவங்களைச் சொல்லும் பத்துத் தனி மனுக்களும் சேர்ந்தால் கோப்பின் எடை கூடும். வரைவு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ் வடிவம் கேளுங்கள். தமிழ்நாட்டின் ஆட்சிமொழி 1956-இன் சட்டப்படி தமிழ். படிக்க முடியாத வரைவு மீது கருத்துக் கேட்பது கேட்காததற்குச் சமம் என்று எழுத்திலேயே பதிவு செய்யுங்கள்.

5. காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

வரைவு கிடைக்கவில்லை என்றாலும், உங்கள் ஆட்சேபனை என்னவாயிற்று என்று தெரியவில்லை என்றாலும் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். பொதுத் தகவல் அலுவலர் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லையேல் தொண்ணூறு நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். கேட்கத்தக்கவை: வரைவுத் துணைவிதியின் நகல், அதை வைத்த மாமன்றத் தீர்மானத்தின் எண், நாள், நகல், வந்த ஆட்சேபனைகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் மீதும் எடுத்த முடிவும், அரசுக்கு அனுப்பிய கருத்துருவின் நகல்.

அதே சட்டத்தின் நான்காவது பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது உரிய விவரங்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. யாரும் கேட்காமலே வெளியிடுவது அலுவலகத்தின் கடமை என்பதை மனுவில் நினைவூட்டுங்கள்.

6. தீர்மானம் நிறைவேறிய பிறகு

கதவு முழுவதும் மூடிவிடுவதில்லை. அரசின் ஒப்புதலுக்குப் போகும் கட்டத்தில் நகராட்சி நிர்வாகத் துறைக்கு எழுதலாம். உங்கள் ஆட்சேபனை பரிசீலிக்கப்படவில்லை என்பதற்குச் சான்று இருந்தால் இணைக்கலாம். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளும் மாநகராட்சியின் குறைதீர் முகாம்களும் அமலாக்கத்தில் நேரும் இடர்களைச் சொல்ல உதவும். முறைகேடு இருந்தால் உள்ளாட்சி முறைமன்ற நடுவம். வெளியீடு, கருத்துக் கேட்பு போன்ற கட்டாய நடைமுறைகள் தவறவிடப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அங்கேயும் முதல் கேள்வி, "கெடுவுக்குள் நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா?" என்பதாகத்தான் இருக்கும்.

மாநகர எல்லைக்கு வெளியே தருவைகுளம் போன்ற ஊராட்சிகளில் வசிப்போருக்கு ஆண்டில் ஆறு நாள் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது என்பவர்கள் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பார்க்கலாம். 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுவட்டாரக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. தெருவில் திரண்ட மக்களும் கையெழுத்திட்ட தீர்மானமும் சேர்ந்தபோது அது நடந்தது.

7. நினைவில் வைக்க வேண்டியவை

– உங்கள் வார்டு எண், மண்டலம், பகுதி சபைப் பிரதிநிதி, கவுன்சிலர்: நான்கையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள்.
– தெருவுக்கு ஒருவர், மாநகராட்சி அறிவிப்புப் பலகையையும் நாளிதழ் அறிவிப்புகளையும் வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஏற்கட்டும். அந்தப் பொறுப்பை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.
– மாமன்றக் கூட்டத்தைப் பார்வையாளராகக் காண விரும்பினால் மன்றப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.
– ஒவ்வொரு குறையையும், "இதற்கு என்ன விதி வேண்டும்?" என்ற கேள்வியோடு எழுதிப் பாருங்கள்.
– கூட்டத்துக்குப் பெண்களும் இளையோரும் வருவதை உறுதி செய்யுங்கள். தண்ணீர் பிடிப்பவர், மீன் விற்பவர், உப்பளத்தில் வேலை செய்பவர் ஆகியோர் இல்லாத கூட்டத்தில் எழுதப்படும் விதி அவர்கள் மீதே விழும்.

வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து இவ்வூர் நகராட்சியின் தலைவராக இருந்தவர். தாகத்தால் தவித்த ஊருக்கு ஒரு நகர்மன்றம் செய்யக்கூடியது எவ்வளவு பெரிது என்பதை அவர் காலம் காட்டியது. அந்த மன்றம் இன்றும் இருக்கிறது. வாக்களித்துவிட்டு ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. அடுத்த பகுதி சபை என்றைக்கு என்று உங்கள் கவுன்சிலரிடம் இன்றே கேளுங்கள்; போகும்போது திருத்த வாசகம் எழுதிய ஒரு தாளோடு போங்கள்.